காயாத சுவரில் ஒரு கைப்பிடி

சுவரில் துளை போட்டது நான்தான். மெஷினைப் பிடித்த கை எலக்ட்ரீஷியனுடையது. போடுங்கள் என்று சொன்ன வாய் என்னுடையது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உடம்பு இன்னும் நடுங்குகிறது, அது வேறு விஷயம். பக்கத்து அறையில் ஒரு கரண்டி விழுந்தால்கூட எழுந்து ஓடிவிடுகிறேன். வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை இரும்பு ஸ்கேலைக் கீழே போட்டால் பாதி வாக்கியத்தில் நின்றுபோகிறேன். நடுங்குகிறவள் வருந்துகிறாள் என்று யாராவது நினைத்துக்கொள்வார்களோ என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் குடியிருப்பது மேற்குத் தாம்பரத்தில், ஒரு வீட்டின் முதல் மாடி. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அவர் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு பார்க்கப் போன அன்றைக்குச் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"கரண்ட் பில் தனி. மோட்டார் காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. அப்புறம் மேடம், சுவத்துல மட்டும் கை வைக்கக் கூடாது."

கை வைப்பது என்றால் ஆணி, ஸ்குரு, டிரில்லிங் எல்லாம். நானும் என் கணவரும் வேகமாகத் தலையாட்டினோம். அதற்கு முந்தின வாரங்களில் நாங்கள் ஏறி இறங்கிய படிக்கட்டுகள் அப்படி. வாசலில் போர்டு தொங்கும். கணவர் பெயரைச் சொன்னதும், "அய்யோ, இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். போர்டு அடுத்த வாரமும் தொங்கும். தாம்பரத்தில் கிடைக்காது என்று கூடுவாஞ்சேரி வரை போய்ப் பார்த்தோம். அங்கே ஒரு அம்மாள், வீட்டைச் சுற்றிக் காட்டி, அலமாரியைத் திறந்து காட்டி, எல்லாம் முடிந்த பிறகு, "நீங்க முட்டையாவது சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். இந்த வீட்டுக்காரரோ அப்படி எதையும் கேட்கவில்லை. பெயரைக் கேட்டார், "சரி பாய்" என்றார், சுவரைப் பற்றி மட்டும் பேசினார். சுவர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே பசையில்தான் நின்றது. கடிகாரத்துக்கு டபுள் சைட் டேப். ஸ்கூல் பையும் துப்பட்டாவும் மாட்ட, பின்னால் ஒட்டும் பிளாஸ்டிக் கொக்கிகள். அடுப்படியில் மசாலா டப்பா தட்டுக்கு, பற்பசை மாதிரி பிதுக்கி ஒட்டும் வெள்ளைப் பசை. மார்ச் மாதம் வரை எல்லாம் ஒழுங்காக நிற்கும். வெயில் ஏறினதும் மத்தியான நேரத்தில் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். சில சமயம் பசை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். பெயிண்ட்தான் உரிந்து வரும். ஒவ்வொரு குடித்தனமும் காலி செய்யும்போது ஒரு பூச்சுப் பூசி, அதற்கு மேல் அடுத்த பூச்சுப் பூசி, சுவர் சப்பாத்திக்கு மேல் சப்பாத்தி வைத்த மாதிரி இருக்கிறது. மேல் சப்பாத்தியில் ஒட்டினால் மேல் சப்பாத்தியோடு வருகிறது.

எங்களுக்கு அது பழகிவிட்டது. உள்ளறையில் தொப்பென்று சத்தம் கேட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

"கடிகாரமா?" என்பார் கணவர்.

"இல்ல அத்தா, சாவி ஸ்டாண்ட்" என்று அப்பாவுக்குப் பதில் சொல்வாள் மகள். "கடிகாரம் விழுந்தா கண்ணாடிச் சத்தம் வரும்."

"நேத்துதானே ஒட்டினேன்?"

"நேத்து ஒட்டினதுதான் இன்னிக்கு விழும். போன வருஷம் ஒட்டினது அடுத்த வருஷம் விழும்."

சிரித்துக்கொண்டிருந்தோம். விழுந்ததெல்லாம் பொருள்களாக இருந்த வரைக்கும்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மழைக்காலத்தில் தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, பெருங்களத்தூர் தாண்டி சர்வீஸ் ரோட்டில், தோண்டி மூடாத இடத்தில் வண்டி சறுக்கியது. தோழிக்குக் கையில் சிராய்ப்பு. இவளுக்கு வலது முட்டியில் லிகமெண்ட் அறுந்துபோனது. ஆபரேஷன் ஆனது. "புதுசா வச்சிருக்கிறது உள்ள பிடிச்சு நிக்கிறதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் ஒரு விஷயம்தான். விழக் கூடாது. விழுந்தா மறுபடி மொதல்லேர்ந்து" என்றார் டாக்டர். அவர் அதை எங்களைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த வார்த்தையோடு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்று முதல் வீட்டில் எதைப் பார்த்தாலும் அதில் வழுக்கி விழ முடியுமா என்றுதான் என் கண் பார்த்தது.

குளியலறைதான் எனக்குப் பயம். வீட்டில் இரண்டு உண்டு. ஒன்று குந்தி உட்காரும் வகை. அதில் அவளால் போக முடியாது. இன்னொன்றில் கமோடும், ஷவரும், அதன் ஓரமாகச் சுவரில் தாழ்வாக ஒரு குழாயும் இருக்கின்றன. அந்தத் தாழ்ந்த குழாயடியில்தான் நாங்கள் ஒளு செய்வோம். தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம், கால் என்று கழுவிக்கொள்வதைத்தான் ஒளு என்கிறோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாள். ஆனால் ஒளுவைத் தானே செய்வேன் என்றாள். குளியலையும்தான். குழாயடியில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாம் செய்துவிடுவாள். எழுந்திருப்பதுதான் கஷ்டம். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் நான் உள்ளே போனேன். இருபது வயதை நெருங்கும் பெண். சோப்புத் தேய்க்கும்போது, "கண்ண மூடிக்கம்மா" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு எப்படி விழாமல் பிடிப்பது? பாதி மூடிக்கொள்வேன். அவளுக்கும் அது தெரியும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளித்துவிட்டு வர வேண்டும். கல்லூரியைப் பற்றியோ தோழிகளைப் பற்றியோ அந்த நாட்களில் அவள் பேசியதாக நினைவில்லை. இதை மட்டும் கேட்டாள்.

சுவரில் ஒரு கைப்பிடி வைத்துவிட்டால் போதும் என்று பிசியோதெரபி செய்ய வந்தவர் சொன்னார். என் கணவர் கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரரிடம் கேட்டார். கணவர் தாம்பரம் மார்க்கெட் பக்கம் தையல் மெஷின் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மனிதர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"முன்னாடி இருந்தவங்க டவல் ராடு மாட்டறேன்னு துளை போட்டிருக்காங்க. உள்ள போற பைப்ல பட்டிருச்சாம். அவர் பூஜை ரூம் சுவரெல்லாம் தண்ணி இறங்கி, சாமி படமெல்லாம் ஊறிப்போச்சாம். பாவம், சொல்லும்போதே அவருக்கு முகம் மாறிருச்சு."

"அதுக்கு?"

"இப்பல்லாம் ஒட்டற கைப்பிடியே வருதாம். நல்ல பசையாம். அதுல ஒட்டிக்கங்கன்னாரு."

வாங்கினோம். அதன் வீடியோவில் ஒரு தடித்த மனிதர் கைப்பிடியைப் பிடித்து இரண்டு காலையும் தூக்கித் தொங்கினார். என் கணவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. டைல்ஸை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பென்சிலால் கோடு போட்டு, பசை தடவி, அழுத்திப் பிடித்து, மேலே டேப் ஒட்டி நிறுத்தினார். மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது, பாரம் போடக் கூடாது என்று உறையில் போட்டிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டினார்: இங்கே குளிக்காதீர்கள். நாங்கள் இருவரும் மற்றக் குளியலறையில் குளித்தோம். மகளுக்குக் கட்டிலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அந்த மூன்று நாளும் யாரும் அங்கே குளிக்கவில்லை.

ஆனால் ஒளு செய்தோம். பள்ளிவாசலில் பாங்கு சத்தம் கேட்டதும் கால் தானாக அந்தக் குழாயடிக்குப் போனது. என் கணவர் தன் கையால் எழுதி ஒட்டிய தாளைத் தாண்டித்தான் போனார். நானும் போனேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீரைத் திறந்து, முகத்தில் அடித்து, காலை நீட்டிக் கழுவி, சொட்டச் சொட்ட வெளியே வந்தோம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கைப்பிடிக்கு ஒரு முழம் கீழே. அது தண்ணீர் படுவது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூச்சு விடுவதைக் காற்றைச் செலவழிப்பதாக யாரும் நினைப்பதில்லையே, அப்படி.

நாலாம் நாள் என் கணவர் பிடித்து இழுத்துப் பார்த்தார். நின்றது. நானும் இழுத்தேன். நின்றது. மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கும் மறுநாளும் தானே குளித்தாள். என் தலையிலிருந்து ஒரு குடம் இறங்கின மாதிரி இருந்தது.

அதற்கடுத்த நாள் சாயங்காலம், அஸர் தொழுகை நேரம். நான் அடுப்படியில் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். முதலில் இரும்பு தரையில் மோதும் சத்தம். அடுத்து ஸ்டூல். அப்புறம் அவள். அந்த வரிசையில்தான் கேட்டது. அந்த வரிசையிலேயே இன்றைக்கும் கேட்கிறது.

கதவு தாழிட்டிருந்தது. எப்படித் திறந்தேன் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பார்த்தபோது தாழ்ப்பாளின் ஸ்குரு பிடுங்கிக்கொண்டு தொங்கியது. அவள் கமோடுக்கும் சுவருக்கும் நடுவில் சாய்ந்து கிடந்தாள். தாடை கிழிந்து இரத்தம் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. கையில் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாள். அதன் இரண்டு முனையிலும் பசை அப்பளம் மாதிரி வட்டமாக, முழுசாக ஒட்டியிருந்தது. டைல்ஸில் ஒரு துளி பசைகூட இல்லை, வெறும் ஈரம்.

"அம்மா, கால் மடங்கிருச்சா பாரு. அம்மா, மடங்கிருச்சா பாரு" என்று அதையே சொன்னாள். தாடையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் காலை என் மடியில் வைத்துக் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பிடித்திருந்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், வைத்த லிகமெண்ட் அப்படியே இருக்கிறது, தாடையில் மட்டும் தையல் போட்டால் போதும் என்றார். என் கணவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்திருந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. கண்ணை மூடச் சொல்லவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் தண்ணீர் ஊற்றுவேன். ஒளுவுக்கு நான் கொண்டுபோகும் பேசினில் கையை நனைப்பாள். "உள்ள போய்ச் செய்றியாம்மா?" என்றால், "வேணாம்மா, இங்கயே பரவால்ல" என்பாள். அந்தப் பரவாயில்லைதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

வீட்டுக்காரர் உண்மையாகவே வருத்தப்பட்டார். மனைவியைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார். தையல் எத்தனை, வலி இருக்கிறதா என்று விசாரித்தார்.

"சார், எனக்கு நாலு துளை வேணும்" என்றேன்.

"மேடம், அது மட்டும் கேக்காதீங்க. நீங்க வாங்கின பசை சரியில்ல. வாங்க, நான் காட்டறேன்."

அவர்கள் குளியலறைக்கு என்னை அழைத்துப் போனார். கண்ணாடி, டவல் ராடு, சோப்பு வைக்கும் தட்டு, கமோடு அருகில் ஒரு கைப்பிடி. "எல்லாம் ஒட்டினதுதான். ஒரு ஆணி கிடையாது. அஞ்சு வருஷமாச்சு. ஆட்டிப் பாருங்க."

ஆட்டிப் பார்த்தேன். பாறை மாதிரி நின்றது. அப்படியே கையைச் சுவரில் வைத்தேன். பழைய செய்தித்தாளைத் தொட்ட மாதிரி உலர்ந்திருந்தது. தரையும் உலர்ந்திருந்தது, கால்மிதி மொறமொறவென்று இருந்தது. காலை ஆறு மணிக்கு இருவரும் குளித்துவிட்டால் மறுநாள் காலை வரை அந்தச் சுவருக்கு ஓய்வு. எங்கள் சுவருக்கு அதிகாலையிலிருந்து இரவு இஷா தொழுகை வரை வேலை. மாடியில் என்ன நடந்தது என்று எனக்கு அங்கேதான் முழுசாகப் புரிந்தது.

"சார், உங்க சுவர் காயுது. எங்க சுவர் காயாது" என்றேன். "நாங்க அஞ்சு வேளை ஒளு செய்வோம். அந்தக் குழாயடில."

"அப்ப ஒரு வாரம் காய விட்டு ஒட்டுங்க."

"ஒரு வாரம் காய விட்டாலும் எட்டாம் நாள்லேர்ந்து நனையும். அப்புறம் எப்ப கழண்டுக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா... அதை வேற எங்கயாவது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. தான் என்ன சொல்ல வந்தோம் என்பது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

"வேற எங்க சார்?" என்றேன். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையிடம் கேட்பது போலத்தான் கேட்டேன். அவர் மனைவி காபி டம்ளரோடு கதவருகில் நின்றார்.

"பைப்ல பட்டா என்ன பண்றது மேடம்? எங்க பூஜை ரூம் நேர் கீழ இருக்கு."

"பைப் எங்க போகுதுன்னு நீங்கதானே சார் பாத்துப் பாத்துக் கட்டினீங்க? வந்து காட்டுங்க. அந்த இடத்தை விட்டுப் போடச் சொல்றேன்."

"நான் காட்டினா சம்மதிச்ச மாதிரி ஆயிடும்."

"அப்ப காட்ட வேணாம் சார். நான் நாளைக்குப் போடப்போறேன். மறைச்சுச் செஞ்சேன்னு பேர் வரக் கூடாது, அதனால சொல்லிட்டேன்."

காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். நல்ல காபி. படியேறினேன். இந்த வீடும் போய்விட்டால் மறுபடி எத்தனை வாசலில் நின்று பெயர் சொல்ல வேண்டும் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். அவர் வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம் என்று தோன்றிவிடும்.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் எலக்ட்ரீஷியன் வந்தார். சானடோரியம் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும். பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டார்.

"இன்னாக்கா, ஓனருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒத்துக்கினாரா?"

"இல்ல."

"அப்ப பேஜாருதான். எனக்கு இல்ல, உங்களுக்கு. எங்க போடணும்?"

ஸ்டூலைப் போட்டு நானே உட்கார்ந்து, எழுந்து, கை எந்த இடத்துக்குப் போகிறது என்று காட்டினேன். மகள் ஊன்றுகோலோடு கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து டைல்ஸில் புள்ளி வைத்துவிட்டு, திரும்பக் காதில் செருகிக்கொண்டு, மெஷினைச் சொருகி ஒருமுறை ஓட விட்டார். துளை போடவில்லை, காற்றில் ஓட விட்டார், அவ்வளவுதான். கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. படியில் செருப்பில்லாத கால்கள் ஏறி வந்தன.

"நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!"

"யாருக்கா, ஓனரா?"

"ஓனர்தான்."

"நான் இன்னா செய்யட்டும்?"

"போடுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் குளியலறை வாசலுக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. அவர் பார்வை என்மேல் இல்லை, சுவரில் இருந்த பென்சில் புள்ளியில் இருந்தது.

"அங்க இல்ல! அங்க இல்லய்யா! கீசருக்கு ஏறுற பைப் சரியா அங்கதான் போகுது!"

எலக்ட்ரீஷியன் மெஷினை இறக்கினார். "அப்ப எங்க போடட்டும் சார்?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். தாடையில் பிளாஸ்திரி இன்னும் இருந்தது.

"கொஞ்சம்... இடது பக்கம்."

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

"இப்டியா?"

"ம்."

"கரெக்டா சொல்லு சார், அப்பால எம்மேல பழி வந்துரும்."

வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எலக்ட்ரீஷியனின் காதிலிருந்து பென்சிலை உருவி, தானே டைல்ஸில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். அலுவலகத்தில் வரைபடம் போட்ட கை. கோடு நேராக வந்தது. "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் போகக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பி, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் இதுக்குச் சம்மதிக்கல மேடம். அது ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

"சரி சார்."

"சம்மதிக்காமலே சூப்பரா மார்க் பண்ணிட்டீங்க சார்" என்றார் எலக்ட்ரீஷியன். என் மகள் சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல். தையல் இழுத்ததால் உடனே தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

துளை விழும் சத்தத்தை வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்க நின்று கேட்டார். வெள்ளைப் பொடி, பிறகு செங்கல் பொடி. தண்ணீர் வரவில்லை. பிளக்கை அடித்து, ஸ்குருவை முடுக்கி, கைப்பிடி ஏறியது. நான் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, அதைப் பிடித்து இரண்டு காலையும் மடக்கித் தொங்கினேன். எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது, உடம்பும் லேசானது இல்லை. வீட்டுக்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மா போதும், இறங்கு. அசிங்கமா இருக்கு" என்றாள் மகள்.

"இருக்கட்டும்" என்று இன்னும் கொஞ்ச நேரம் தொங்கினேன்.

சாயங்காலம் வந்த கணவர் பார்த்துவிட்டு, "சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா வேணாம்னிருப்பீங்க."

"ஆமா" என்றார். உண்மையை ஒத்துக்கொள்கிற மனிதர். பிறகு அவரும் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்காரரிடமிருந்து கணவர் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அக்ரிமெண்ட் முடியும்போது உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் பாய், டைல்ஸ் செலவு இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார். என் கணவர் அதை இரண்டாம் தடவை போட்டுக் கேட்டார். நான் கேட்கவில்லை. போகச் சொன்னால் போவோம். நாவலூரோ கூடுவாஞ்சேரியோ, இனி எந்த வீட்டுக்குப் போனாலும் அவர்கள் எங்கள் பெயரைக் கேட்பதற்கு முன், குளியலறைச் சுவரில் துளை போடுவோம், சம்மதமா என்று நான் கேட்கப்போகிறேன். என் பெண் விழாமல் இருப்பது என்ற ஒன்றை யாருடைய டைல்ஸுக்காகவும் பசையில் ஒட்டி நிறுத்த மாட்டேன். பயம் இருக்கிறது. பயத்தோடுதான் சொல்கிறேன்.

மறுநாள் காலை அவள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். ஊன்றுகோலை வெளியே சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை இன்னும் சரிசெய்யவில்லை; பக்கெட்டை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழத் தொடங்கியது. நான் நடையில் சுவரோடு சுவராக நின்றேன்.

"அம்மா, அங்கயா நிக்கிற?"

"இல்லயே."

"இல்லன்னு அங்கேர்ந்துதானே சொல்ற? போ."

"போறேன்."

போகவில்லை. தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். ஸ்டூல் நகர்ந்தபோது பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். குழாயை மூடினாள். அடுத்து எந்தச் சத்தமும் இல்லை. எழுந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் நடக்கும் ஒரு காரியத்துக்கு நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. ஈரத் தலையோடு, நைட்டி முழங்காலில் ஒட்டிக்கொண்டிருக்க, நின்றாள். நான் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "நெனச்சேன்" என்றாள். பிறகு, கடையில் சாமான் சொல்லும் குரலில், "கமோடு பக்கம் ஒண்ணு வேணும்மா. அங்க எழுந்திருக்கறதுதான் இன்னும் கஷ்டம். அந்த அண்ணனக் கூப்பிடு" என்றாள்.

போனை எடுத்தேன்.

"இன்னாக்கா, மறுபடியுமா?"

"மறுபடியும்தான். பதினோரு மணிக்கு வாங்க."

வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். வீட்டுக்காரர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பூவாளியைக் கீழே வைத்தார்.

"இன்னும் ஒண்ணா?"

"ஆமா சார். கமோடு பக்கம் பைப் எப்படிப் போகுது?"